பீச் ரோட்டில் ஒரு நடை: சராசரி திசைவேகம்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையில் வாகனங்களை விடமாட்டார்கள். ஊரே அங்கே நடக்கும். சாலை வடக்கு தெற்காகக் கிட்டத்தட்ட நேர்கோடு என்பதால், இயற்பியல் கணக்குக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

தெற்கே துய்ப்ளே சிலை அருகே ஒருவர் கிளம்புகிறார். வடக்கே 1200 மீட்டர் போய்த் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது மணிக்கு 6 கி.மீ., திரும்பும்போது கால் வலி, மணிக்கு 4 கி.மீ. அவருடைய சராசரி வேகம் என்ன?

ஆறும் நாலும் பத்து, பாதி ஐந்து. பரீட்சையில் பாதிப் பேர் இப்படித்தான் மார்க்கை விடுகிறார்கள்!

போக 12 நிமிடம், வர 18 நிமிடம். 2400 மீட்டருக்கு அரை மணி நேரம். ஆகவே மணிக்கு 4.8 கி.மீ. மெதுவாக நடந்த நேரம் அதிகம், அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்குவது, இரு வேகத்திலும் ஒரே அளவு *நேரம்* நடந்தால் சரி. சீரான முடுக்கத்தில் நேர்கோட்டில் ஓடும் பொருளுக்கும் முதல், கடைசி திசைவேகங்களைக் கூட்டிப் பாதியாக்கலாம். மற்ற இடங்களில் அந்தக் குறுக்குவழியை நம்பக்கூடாது.

சரி, சராசரி திசைவேகம்? பூஜ்யம். கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டார், இடப்பெயர்ச்சி இல்லை. வேர்க்க விறுவிறுக்க நடந்த மனுஷனுக்குப் பூஜ்யமா என்று கோபம் வரும். ஆனால் திசைவேகம் உழைப்பை அளப்பதில்லை, ஆள் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதைத்தான் பார்க்கிறது.

பெயரிலும் குழப்பம் உண்டு. நம் பாடநூலில் வேகம், திசைவேகம் என்று இரண்டு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் முதலாவது 'கதி', இரண்டாவதுதான் 'வேகம்'. இந்த ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களோ இரண்டுக்கும் பொதுவாக 'வித்தெஸ்' என்றே சொல்லிவிடுவார்கள். 'திசை' என்பதைப் பெயரிலேயே வைத்த நம் சொல்தான் மாணவனுக்கு வசதி.

அதே மனிதர் திரும்பும் வழியில் பாதியில் சுண்டல் வாங்க நிற்கிறார். கிளம்பி 21 நிமிடம் ஆகிறது, நடந்தது 1800 மீட்டர். வீட்டிலிருந்து போன்: "எங்க இருக்கீங்க?" சராசரி வேகம் மணிக்கு 5.14 கி.மீ. என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. சராசரி திசைவேகம் வடக்கு நோக்கி நிமிடத்துக்கு 28.57 மீட்டர். அதை 21-ஆல் பெருக்கினால் துய்ப்ளே சிலைக்கு வடக்கே 600 மீட்டர். ஆளைப் பிடித்துவிடலாம், சுண்டலோடு.