முதியோரும் தொலைக்காட்சிக் கட்டணமும்

வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்கே அரசிடம் உரிமம் பெறவேண்டிய காலம் ஒன்று நம் நாட்டில் இருந்தது என்று இன்றைய இளைஞரிடம் கூறினால் நகைக்கிறார்கள். ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் கட்டி முத்திரை பெற்றுவந்த அந்தச் சிறு புத்தகம், நம் தந்தையாரின் தகரப் பெட்டியில் குடும்ப அட்டைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. 1980களின் நடுவில் இந்திய அரசு அக்கட்டணத்தை நீக்கிவிட்டது. நாமும் அதை மறந்துவிட்டோம்.

பிரித்தானியாவில் கதை வேறு. அங்கே 1922ஆம் ஆண்டில் பத்து ஷில்லிங் என்று தொடங்கிய வானொலி உரிமம் 1971இல் நீங்கிற்று. 1946இல் இரண்டு பவுண்டாகத் தொடங்கிய தொலைக்காட்சி உரிமமோ நிலைத்துவிட்டது. பி.பி.சி. நிறுவனம் உள்நாட்டில் விளம்பரம் இன்றி நடப்பது பெரும்பாலும் இப்பணத்தால்தான். 2024ஆம் ஆண்டின் கோடையில் இங்கிலாந்தின் ஒரு நகரப் பங்கில் மூன்று மாதம் பதில் குருவாகப் பணியாற்றினோம். நோயுற்றோருக்கும் முதியோருக்கும் நற்கருணை கொண்டு வீடு வீடாகச் சென்றபோது, மழையையும் மூட்டுவலியையும் அடுத்து அதிகமாக நம் காதில் விழுந்த பேச்சு இந்த உரிமக் கட்டணத்தைப் பற்றியதே. இந்த வயதில் இதைக் கட்டத்தான் வேண்டுமா, கட்டினால் அதற்குப் பயன் உண்டா என்று கேட்டார்கள்.

கேள்வியின் வேர் சற்றுப் பழையது. 2000ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தொடங்கி, 75 வயது நிறைந்தோர் வாழும் வீடுகளுக்கு உரிமம் இலவசமாயிற்று. அதற்கான பணத்தைப் பொது வரியிலிருந்து அரசே கொடுத்தது. 2015இல் செய்யப்பட்ட ஏற்பாட்டின்படி அச்சுமை படிப்படியாக பி.பி.சி.யின் தோளுக்கு மாற்றப்பட்டது. முழுச் சலுகையையும் தொடர்ந்தால் 2021-22இல் ஆண்டுக்கு 745 மில்லியன் பவுண்டு செலவாகும், அது தன் வரவு செலவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு என்று அந்நிறுவனம் கணக்கிட்டது. 2020 ஆகஸ்டு முதல், ‘பென்ஷன் கிரெடிட்’ எனப்படும் வறிய முதியோர் உதவித்தொகை பெறும் வீடுகளுக்கு மட்டுமே இலவச உரிமம் என்றாயிற்று. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு எதிர்த்தும் பயன் இல்லை. பெருந்தொற்றினால் முதியோர் வாசற்படி தாண்டாமல் அடைந்து கிடந்த ஆண்டு அது என்பதை நினைக்கும்போது, காலத் தேர்வு நமக்குக் கசக்கவே செய்கிறது. வாக்குக் கொடுத்தது அரசு. வாக்கை மீறிய பழியைச் சுமந்தது ஒலிபரப்பு நிறுவனம். இதில் ஏதோ ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. நேர்மை இருப்பதாகத் தெரியவில்லை.

நாம் அங்கிருந்த ஆண்டில் கட்டணம் 169.50 பவுண்டு. பழைய முறையில் முழு அடிப்படை ஓய்வூதியம் பெறும் முதியவருக்கு அவ்வாண்டில் ஒரு வாரத்துக்குக் கிடைத்த தொகையும் அதே 169.50 பவுண்டுதான். தற்செயலான ஒற்றுமையே. ஆயினும், ஐம்பத்திரண்டு வாரங்களில் ஒரு வாரத்து உணவையும் விளக்கையும் விட்டுக்கொடுத்துப் பெறும் பொருள் இது என்று அதைப் படிக்கலாம். நாளொன்றுக்கு 46 பென்ஸ் என்றும் படிக்கலாம். நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்கள் இரண்டாவது கணக்கையே சொல்வார்கள். (2025 ஏப்ரலில் கட்டணம் 174.50 பவுண்டாக உயர்ந்தது.)

நம்மை மிகவும் சிந்திக்கவைத்தவர் யாழ்ப்பாணத்துத் தாய் ஒருவர். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வுக்குப் பின் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தவர். பள்ளிச் சமையற்கூடம் ஒன்றில் சில ஆண்டுகள் உழைத்தவர். கணவரை இழந்தபின் மகன் வாங்கிக்கொடுத்த சிறு வீட்டில் தனியாக வாழ்ந்துவந்தார். வயது 78. காலை முதல் இரவு வரை அங்கே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. இணையப் பெட்டி வழியாக வரும் தமிழ்ச் சேனல்கள் மட்டுமே. ஆங்கில நிகழ்ச்சி ஒன்றையும் அவர் பார்ப்பதில்லை. “பி.பி.சி. பாக்காத ஆள் பி.பி.சி.க்கு ஏன் காசு கட்டவேணும்? நிப்பாட்டுங்கோ அம்மா, ஆரும் வந்து பாக்கப் போறதில்லை” என்று மகன் சொல்லிவிட்டார். தாய்க்கு உறக்கம் இல்லை. தேநீர் வைத்துக் கொடுத்துவிட்டு நம் முன் அமர்ந்து, “கட்டாமல் பாக்கிறது களவோ, சுவாமி?” என்று கேட்டார்.

முதலில் சட்டத்தைச் சொன்னோம். எந்த நாட்டுச் சேனலாயினும், எந்த மொழியாயினும், எந்தக் கருவியில் வந்தாலும், ஒளிபரப்பாகும் நேரத்திலேயே அதைப் பார்ப்பதற்கு உரிமம் வேண்டும். ஆகவே இணையத்தில் நேரலையாக வரும் தமிழ்த் தொடருக்கும் அது பொருந்தும். பின்னர் நம் வசதிப்படி பார்ப்பதற்கு உரிமம் தேவையில்லை, பி.பி.சி.யின் சொந்த இணையச் சேவையான ஐபிளேயர் ஒன்றைத் தவிர. ஒளிபரப்பான மறுநாள் யூடியூபில் பார்க்கும் திருப்பலிக்குக் கட்டணம் இல்லை. உரிமம் வீட்டுக்கே உரியது, ஆளுக்கு அன்று. ஆகவே மகன் வீட்டில் மகனோடு வாழும் பெற்றோர் தனியே ஒன்று வாங்கவேண்டியதில்லை. பிள்ளைகளிடம் செல்லவிருக்கும் நம் வாசகர்களும் இவற்றை அறிந்திருப்பது நன்று. உரிமம் இன்றிப் பார்த்து நீதிமன்றம் வரை போனால் அபராதம் 1,000 பவுண்டு வரை விதிக்கப்படலாம்.

ஆனால் அந்தத் தாய் கேட்டது சட்டத்தை அன்று. வரிச் சட்டம் மனச்சான்றைக் கட்டுமா, அன்றிப் பிடிபட்டால் தண்டனையை ஏற்கும் கடமையை மட்டும் சுமத்துமா என்று பழைய அறநெறி ஆசிரியர்கள் நடத்திய நீண்ட வாதத்தைக் குருமடத்தில் படித்திருக்கிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டின் 30ஆம் எண்ணில், நியாயமான வரியை ஏய்ப்பவர்களைக் கண்டித்திருக்கிறது. ‘நியாயமான’ என்ற சொல்லில்தான் நமக்குச் சிக்கல். மாளிகைக்கும் ஒற்றை அறைக்கும் ஒரே தொகை. கோடீசுவரருக்கும் கைம்பெண்ணுக்கும் ஒரே தொகை. இதை முழு நியாயம் என்று கூற நம் நா எழவில்லை. என்றாலும், ஏய்த்துப் பாருங்கள் என்றும் கூறமுடியாது.

அப்போது அந்தத் தாயே ஒன்று சொன்னார். 1990களில் மின்சாரம் அறவே இல்லாத யாழ்ப்பாணத்தில், மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தில் வானொலியை உயிர்ப்பித்து, இரவில் பி.பி.சி.யின் தமிழோசையைத் தெருவே கூடிக் கேட்குமாம். எந்த ஊரில் குண்டு விழுந்தது, பாதை திறந்ததா என்று அறிய அவர்களுக்கு இருந்த வழிகளில் அதுவும் ஒன்று. “அப்ப எங்களிட்டை ஒருத்தரும் காசு கேக்கேல்லை” என்றார். 1941இல் தோன்றிய அந்த வானொலிச் சேவை 2017இல் நிறுத்தப்பட்டது. உலகச் சேவைக்கான பணத்தை 2014 வரை பிரித்தானிய வெளியுறவுத் துறை கொடுத்தது. அதன்பின் அச்செலவின் பெரும்பகுதி உரிமக் கட்டணத்தில் சேர்ந்தது. முன்பின் அறியாத ஆங்கிலேயர் கட்டிய வரி, மிதிவண்டிச் சக்கரம் சுழன்ற அந்தத் தெருவுக்குச் செய்தியாக வந்திருக்கிறது. இதை அந்தத் தாய் நம்மினும் நன்றாக விளங்கியிருந்தார். “கட்டத்தான் வேணும். ஆனா ஏலாமல் கிடக்கு” என்பதே அவருடைய முடிவு.

இந்த ‘ஏலாமை’யை நாம் பிடித்துக்கொண்டோம். அவ்வாண்டில் தனியாக வாழும் முதியவரின் வார வருமானம் 218.15 பவுண்டுக்குக் குறைந்தால் பென்ஷன் கிரெடிட் கோரலாம் என்பது பொது விதி. அவருடைய ஓய்வூதியமோ அதில் பாதிக்குச் சற்றே மேல். தகுதி இருந்தும் அவர் விண்ணப்பித்ததே இல்லை. காரணம் கேட்டபோது முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கையேந்திப் பழக்கமில்லை என்றார். இவரைப் போல் உரிமை இருந்தும் கேளாதவர்கள் அந்நாட்டில் மிகப் பலர். வெட்கம், அறியாமை, படிவத்தைக் கண்ட அச்சம் எல்லாம் காரணம். இலவச உரிமத்தை இந்த உதவித்தொகையோடு பிணைத்ததில் நாம் காணும் பெருங்குறை இதுவே. வறியவர்க்கு மட்டும் என்ற கொள்கை தவறன்று. வறியவர் தம் வறுமையைத் தாமே சென்று மெய்ப்பிக்கவேண்டும் என்பதுதான் முதியவர்க்கு மலையாகிறது. எல்லைக்கோட்டுக்கு இரண்டொரு பவுண்டு மேலே இருப்பவர் உதவித்தொகையையும் இழக்கிறார், உரிமத்தையும் இழக்கிறார். அந்தக் கோடையில் குளிர்கால எரிபொருள் உதவியையும் அரசு இதே கோட்டோடு பிணைத்தது. 2025இல்தான் அதைத் தளர்த்தினார்கள்.

மகளைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் மறுவாரமே விண்ணப்பத்தைத் தொலைபேசி வழியாகவே முடித்துவிட்டார். நாம் ஊர் திரும்பிய பின் உதவித்தொகையும், அதன் பின்னால் இலவச உரிமமும் வந்ததாகச் செய்தி கிடைத்தது.

எல்லாருக்கும் ஒரே விடை இல்லை. அதே பங்கில் மனைவியை இழந்த ஆங்கிலேய முதியவர் ஒருவர் உரிமத்தை விட்டுவிட்டு, பெட்டியையும் பேரனுக்குக் கொடுத்துவிட்டார். அவருடைய உயிர் கிரிக்கெட். இங்கிலாந்தின் டெஸ்ட் ஆட்டங்கள் 2005க்குப் பின் சந்தா கட்டும் சேனலுக்குப் போய்விட்டன. வானொலி வருணனையோ பி.பி.சி.யில் தொடர்கிறது, வானொலிக்கு உரிமம் வேண்டியதில்லை. ஆட்ட நாளில் நாம் போனால் நற்கருணை வாங்கியதும் ஒலியைக் கூட்டிவிடுவார். அடுத்த ஓவருக்குள் நாம் விடைபெறவேண்டும். அவருக்கு அந்தக் கட்டணம் வீண் செலவு. அவர் விட்டது முறையே. வாரத்தில் ஒருவரும் கதவைத் தட்டாத வீட்டில், மாலைச் செய்தி வாசிப்பவரின் முகமே அன்று காணும் ஒரே மனித முகம் என்றிருப்பவர்க்கோ 46 பென்ஸ் மலிவு என்று தயங்காமல் கூறுவோம். பார்வை இழந்தோர்க்குக் கட்டணம் பாதி. தவணை முறையும் உண்டு. பிள்ளைகள் அந்தச் சிறு தொகையைத் தம் கணக்கில் ஏற்றுக்கொண்டால் பெற்றோரின் கேள்வியே எழாது. அம்மாவுக்குப் புதுப் பெட்டி வாங்கிக் கொடுத்த மகனுக்கு இது தோன்றாமற்போனது நமக்குச் சற்று வியப்புத்தான்.

பி.பி.சி.யின் இப்போதைய அரச சாசனம் 2027 டிசம்பர் 31 அன்று முடிவடைகிறது. ஜெர்மனியில் 2013 முதல் பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு வீடு கட்டணம் உண்டு. அயர்லாந்தில் 70 வயது நிறைந்தவர்களுக்கு உரிமத்தை அரசே தருகிறது. அடுத்த சாசனம் எவ்வழியைத் தேர்ந்தாலும், அதன் நகல் நம் கைக்கு வரும் நாளில் 75 வயது கடந்தவர்களைப் பற்றிய பக்கத்தையே முதலில் புரட்டுவோம்.