சல்லடை

பாத்திரம் கழுவும் இயந்திரம் வந்தால் கழுவுகிற வேலை ஒழியும் என்பது விற்பவரின் வாக்கு. அவ்வேலை இயந்திரத்தின் அடியில் போய் ஒளிந்துகொள்கிறது என்பது எங்கள் அனுபவம்.

கீழ்க் கூடையை உருவிச் சல்லடையைத் திருகி எடுத்தால் பருக்கை, கடுகு, கறிவேப்பிலை, தேங்காய்த் துருவல் யாவும் எண்ணெய்ப் பிசுக்கில் ஊறிக் கிடக்கும். வாரந்தோறும் பழைய பல்துலக்கியால் தேய்க்கிறோம். சுழன்று நீர் பீய்ச்சும் கைகளின் துளைகளில் சீரகம் சிக்கும், அதற்குப் பல்குச்சி.

எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரோ கடினநீர். அதிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் இயந்திரத்துக்குள் ஒரு பிசின் பிடித்துக்கொள்கிறது. அப்பிசினைப் புதுப்பிக்கவே உப்பிடுகிறோம். சமையல் தூளுப்பு ஆகாது, கலப்பற்ற பரலுப்பு வேண்டும். (சாம்பாருக்குக்கூட இவ்வளவு பார்த்ததில்லை.) மாதம் ஒருமுறை சிட்ரிக் அமிலத் தூளிட்டு, வெற்று இயந்திரத்தை வெந்நீரில் ஓடவிட்டால் வெண்படலம் கரையும்.

1886இல் இவ்வகை இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற அமெரிக்கர் ஜோசபின் காக்ரேன், பணியாட்கள் கழுவுகையில் பீங்கான் உடைவது பொறாமல் அதை உருவாக்கினார் என்பர். கழுவிய கைகளைப் பற்றி அக்கதை பேசுவதில்லை.

சல்லடை கழுவ முறைவைத்து, பெயர்ப்பட்டியலைச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். நாற்பது ஆண்டுகள் சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்த்த அம்மாவின் பெயர் அதில் இல்லை. அவரோ, நாங்கள் எழுமுன்னரே அதைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறார்.