அடுத்து வருபவருக்காக ஒரு முழம்

செய்தி வரும் வழியை நம் பெற்றோர் கண்ணால் கண்டனர். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே சைக்கிள் மணி கேட்டது. தந்திக் கம்பி சாலையோரமாய்க் கம்பம் விட்டுக் கம்பம் தாவிச் சென்றது. அதன்மேல் கரிச்சான் அமர்ந்து வாலாட்டியது. இன்று அந்த வழி கண்ணுக்கு மறைந்துவிட்டது. துபாயிலிருந்து மகன் பேசுகிறான். சென்னையிலிருந்து பேத்தியின் முகம் கைபேசியில் தெரிகிறது. கோபுரத்திலிருந்து நம் கைக்கு அவை வருவது அலையாகத்தான். ஆனால் கடலையும் ஊர்களையும் கடந்த நெடுந்தொலைவை அவை பெரும்பாலும் மண்ணுக்கடியிலும் நீருக்கடியிலும், தலைமுடியைவிடச் சற்றே தடித்த ஒரு கண்ணாடி இழைக்குள், ஒளியாகவே ஓடி முடித்திருக்கின்றன.

ஓடுகின்ற இழை எங்கேனும் கரையேற வேண்டும் அல்லவா? அவ்வாறு அது கரையேறும் இடத்தில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதை யாரும் படம் எடுப்பதில்லை. திறப்பு விழாவில் அதற்கு நாடா வெட்டுவதுமில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் மதுரை வட்டாரத்தில் தொலைபேசிக் கேபிள் இணைப்பாளனாய் உழைத்தவன் என்ற முறையில், அந்தப் பெட்டி எனக்குக் கற்பித்த ஒரு பாடத்தை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

19 அங்குல அகலமுள்ள இரும்புச் சட்டம் ஒன்று. அதை ரேக் என்போம். அதில் திருகி மாட்டப்படும் தட்டையான பெட்டிதான் இது. உயரம் ஒன்றே முக்கால் அங்குலம். 24 இழைகள் அதற்குள் அடங்கும். பின்புறமாக, மண்ணிலிருந்து ஏறிவரும் கறுத்த கேபிள் நுழைகிறது. முன்புறத்தில், இயந்திரங்களுக்குச் செல்லும் மெல்லிய மஞ்சள் நிற வடங்கள் செருகப்படுகின்றன. நடுவே, மூடிக்குள், வெளியிலிருந்து வந்த இழையும் உள்ளே இருக்கும் இழையும் ஒன்றாக ஒட்டப்பட்டுக் கிடக்கின்றன. முன்புற வடங்களை நாள்தோறும் கழற்றலாம், மாட்டலாம். மண்ணுக்குள் கிடக்கும் இழையை அவ்வாறு கையாண்டால் அது தாங்காது. ஆகவே கைபடும் தேய்மானத்தையெல்லாம் தான் ஏற்றுக்கொண்டு, பின்னால் உள்ளதைத் தொந்தரவின்றிக் காப்பதே இப்பெட்டியின் பணி.

ஊராட்சிகள்தோறும் ஒளியிழை கொண்டு செல்லும் தேசியத் திட்டத்துக்கு 2011-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. 2015-இல் அது பாரத்நெட் என்று பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைப்பது அதன் நோக்கம். அத்தகைய வேலையாக என் தங்கை மகன், மேலூருக்கு அப்பால் ஓர் ஊராட்சி அலுவலகத்திற்குச் சென்றபோது நானும் உடன் சென்றேன். ஓய்வு பெற்றவனுக்குப் பழைய தொழிலைப் பார்ப்பதில் ஒரு சுகம் உண்டு.

அவன் முதலில் சட்டத்தை நிமிர்த்தி, நிலத்தொடர்புக் கம்பியைப் பூட்டினான். பிறகு பெட்டியைத் திருகினான். கேபிளின் மேலுறையை வட்டமாகக் கீறிக் கழற்றினான். உள்ளே ஈரம் புகாதிருக்க நிரப்பப்பட்டிருந்த பசையைத் துணியால் துடைத்தெடுத்தான். கேபிளின் நடுவே ஓடும் விறைப்பான கம்பியைப் பெட்டியின் பிடிப்பில் இறுக்கினான். இது முக்கியமான வேலை. வெளியே யாரேனும் கேபிளை இழுத்தால் அந்த இழுவிசை முழுவதும் இந்தக் கம்பியின் தலையில்தான் விழவேண்டும். இழையின் தலையில் விழக்கூடாது.

அதன் பிறகே இழைகள் வெளிப்பட்டன. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, இளஞ்சிவப்பு, வெளிர்நீலம். இந்த வரிசை எங்களுக்கு மனப்பாடம். உலகின் பல நாடுகளிலும் இதே வரிசைதான். நிறப்பூச்சை உரித்தால் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு தடிமனுள்ள கண்ணாடி. அதன் நடுவே ஒளி ஓடும் பாதையோ ஏறக்குறைய 9 மைக்ரான். அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. சாராயத்தில் நனைத்த துணியால் அதைத் துடைத்தான். வெட்டும் கருவியில் வைத்து நேராக முறித்தான். முறிந்த துணுக்குகளை மறவாமல் ஒரு சிறு குப்பிக்குள் போட்டு மூடினான். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துணுக்கு காலில் ஏறினால் எடுப்பது கடினம். இரு முனைகளையும் இணைப்புக் கருவியில் வைத்ததும், அது தானே நெருக்கிப் பார்த்து, ஒரு மின்பொறியில் இரண்டையும் உருக்கி ஒன்றாக்கியது. இணைந்த இடத்தின்மேல் எஃகு ஊசி பொதிந்த குழாய் ஒன்றை நகர்த்திச் சூடேற்றிச் சுருங்கவைத்தான். ஓர் இழை முடிந்தது. இன்னும் பதினொன்று இருந்தன.

இணைத்த இழைகளை உள்தட்டில் வட்டமாகச் சுருட்டி அடுக்கினான். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், இரண்டு முழத்திற்கு மேல். சுருளின் ஆரம் மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டான். அதற்கு மேல் வளைத்தால் ஒளி பாதையை விட்டு வெளியே கசிந்துவிடும். பெட்டிக்குப் பின்னால், சுவரோரமாகக் கேபிளிலும் சில மீட்டர் சுற்றி வைத்திருந்தான்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அலுவலக எழுத்தர் கேட்டார்: “ஏன் தம்பி, இவ்வளவு நீளத்தை வீணாச் சுருட்டி வைக்கிறீங்க? நறுக்கிவிட்டா பெட்டி பார்க்க அழகா இருக்குமே?”

தலை நிமிராமலே அவன் சொன்னான்: “என்னைக்காவது இந்த இணைப்பு விட்டுப்போச்சுன்னா நறுக்கித்தான் திரும்ப ஒட்டணும் சார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் குறையும். அன்னைக்கு வர்றவருக்கு நீளம் வேணுமில்லையா?”

யார் அந்த வருகிறவர்? அவனுக்குத் தெரியாது. பத்து ஆண்டு கழித்து வரலாம், வராமலே போகலாம். அவன் முகத்தை இவன் பார்க்கப்போவதில்லை. என்றாலும், அவனுக்கென்று ஒரு முழம் ஒதுக்கப்பட்டுவிட்டது.

கண்ணாடிக்குள் ஒளியைப் பயணம் செய்ய வைத்த கதையிலும் இத்தகைய ‘அடுத்து வருபவர்கள்’ பலர். பஞ்சாபின் மோகாவில் 1926-இல் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டனில் ஹாப்கின்ஸ் என்னும் பேராசிரியரோடு சேர்ந்து, இழைக்கற்றை வழியாக உருவத்தை அனுப்பிக் காட்டி 1954-இல் அதை வெளியிட்டார். ஆனால் அக்காலக் கண்ணாடியில் ஒளி சில மீட்டர் தூரத்திலேயே சோர்ந்து போயிற்று. 1966-இல் சார்லஸ் காவ் என்பவர், தம் தோழர் ஹாக்ஹாமுடன் எழுதிய கட்டுரையில், குற்றம் கண்ணாடியினுடையதன்று, அதில் கலந்துள்ள மாசுகளுடையதே என்று வாதிட்டார். மாசு நீக்கினால், ஒரு கிலோமீட்டர் ஓடிய பின்னும் நூறில் ஒரு பங்கு ஒளியாவது மிஞ்சும். அது போதும் என்றார். ஹாங்காங்கில் லசால் சபைத் துறவியர் நடத்தும் புனித சூசையப்பர் கல்லூரியில் படித்தவர் அவர். நான்கே ஆண்டுகளில், 1970-இல், அமெரிக்காவின் கார்னிங் நிறுவன விஞ்ஞானிகள் மூவர் அந்த எல்லையையும் தாண்டிய இழையை உருவாக்கினர். காவுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய இழையில் பதினைந்து கிலோமீட்டர் ஓடிய பிறகும் ஒளியில் பாதி மிஞ்சுகிறது. மதுரையில் ஏற்றிய ஒளியில் ஏறக்குறைய கால் பங்கு மேலூரை வந்தடைகிறது என்று கணக்கிடலாம்.

இவ்வளவு மாசற்ற இழையும், அதன் முனையில் நிற்கும் மனிதனின் அக்கறையை நம்பித்தான் இருக்கிறது. இதை நான் உணர்ந்தது ஓர் ஐப்பசி இரவில்.

1990-களின் இறுதி. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சிறிய தொலைபேசி நிலையம். இரவு எட்டு மணிக்குத் தொடர்பு அறுந்தது. நாங்கள் சென்று பார்த்தபோது, பெட்டியின் பின்புறம் எலி கடித்துச் சில இழைகள் துண்டாகியிருந்தன. பொதுவாக இரண்டு மணி நேர வேலை. ஆனால் அந்தப் பெட்டியை மாட்டியவர் கேபிளை ஒட்ட நறுக்கியிருந்தார். இழுத்து ஒட்ட ஒரு சாண் நீளமும் இல்லை. நிற வரிசையும் மாறியிருந்தது. எந்த இழை எந்தத் துளையில் முடிகிறது என்ற குறிப்பும் இல்லை. கைபேசி அப்போது எங்களிடம் கிடையாது. எதிர்முனையில் ஒருவர் ஒளியேற்ற, இம்முனையில் ஒவ்வோர் இழையாகச் சோதிக்க, இடையே மழையில் மோட்டார் சைக்கிளில் ஓடி விசாரிக்க, இரவு நகர்ந்துகொண்டிருந்தது. பிறகு வேறொரு கேபிள் துண்டு கொண்டுவந்து, ஓர் இணைப்பு போதுமான இடத்தில் இரண்டு இணைப்புகள் போட வேண்டியதாயிற்று.

நிலையத்துத் தாழ்வாரத்தில் ஒரு மூதாட்டி நனைந்த சேலையோடு அமர்ந்திருந்தார். வளைகுடா நாட்டில் கட்டட வேலைக்குப் போன மகன் சாரத்திலிருந்து விழுந்து மருத்துவமனையில் கிடந்தான். அறுவை சிகிச்சை முடிந்ததும் இரவு ஒன்பது மணிக்கு, பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்குக் கூப்பிட்டுச் சொல்வதாக அவன் தோழன் கூறியிருந்தானாம். மணிக்கொரு தடவை அவர் எழுந்து வந்து வாசலில் நின்றார்.

“என்னப்பு, லயன் வந்திருச்சா?”

“இன்னுங் கொஞ்ச நேரம் ஆத்தா.”

வேறு என்ன சொல்ல முடியும்? முந்தானையைப் பற்றியபடி அழகரைக் கூப்பிட்டுக்கொண்டு மீண்டும் போய் அமர்ந்தார். காலை ஆறு மணிக்கு மேல் தொடர்பு உயிர்பெற்றது. சற்று நேரத்தில் செய்தியும் வந்தது: மகன் பிழைத்துக்கொண்டான். அந்தத் தாய் அழுதார். நாங்களும் கண் துடைத்தோம். ஆனால் அந்த நல்ல செய்தி முந்திய இரவு ஒன்பது மணிக்கே அவருக்குரியது. ஒன்பது மணி நேரம் ஒரு தாய் மகனை மனத்துக்குள் அடக்கம் செய்துகொண்டே அமர்ந்திருந்தார். அதற்குக் காரணம், யாரோ ஒருவர் தம் வேலை அன்றோடு முடிந்தது என்று எண்ணியது.

சில ஆண்டுகள் கழித்துத் திருமங்கலத்துக்குத் தெற்கே வேறொரு நிலையம். அது கரிசல் பூமி. கோடையில் பிளக்கும், மழையில் ஊறிப் புரளும். அவ்வாறு புரண்டதில் சுவரை ஒட்டிக் கேபிள் இழுபட்டு முறிந்திருந்தது. அஞ்சியபடியே பெட்டியைத் திறந்தேன். உள்ளே சுவரோரம் நான்கைந்து மீட்டர் கேபிள் அழகாகச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. மூடியின் உட்புறம் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. பன்னிரண்டு நிறங்கள், பன்னிரண்டு எண்கள், ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்ற விவரம், நீர் பட்டாலும் அழியாதிருக்கப் பென்சிலால் எழுதியிருந்தது. வேலை விரைவாக முடிந்தது. அன்று அவ்வூரில் எவரும் தாழ்வாரத்தில் காத்திருக்க நேரவில்லை. அது யார் கையெழுத்து என்று விசாரித்தேன். ஓய்வு பெற்றுத் தம் ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். அவருக்கு நான் நன்றி சொன்னதில்லை. சொல்ல இயலாத அந்த நன்றிதான் அதன் பிறகு நான் மாட்டிய ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு முழமாகச் சேர்ந்துகொண்டது.

அயலாருக்கு அன்பு செய்யுமாறு ஆண்டவர் நமக்குப் பணித்திருக்கிறார். அயலார் என்றதும் பக்கத்து வீட்டுக்காரரையும் வழியில் விழுந்து கிடப்பவரையும் எண்ணுகிறோம். காலத்தால் நமக்கு அப்பால் நிற்பவரும் அயலார்தாம். நாம் போன பிறகு, நாம் விட்டுச்சென்ற வேலையின்முன் விளக்கைப் பிடித்துக்கொண்டு முழந்தாளிடுபவர் அவர்.

நம் திருச்சபைக்கு இது புதிய பாடமன்று. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நோபிலியின் காலத்தில், உரோமைக்கு எழுதிய மடல் கப்பலேறிச் சென்று மறுமொழி வர ஆண்டுகள் ஆயின. கப்பல் கவிழ்ந்தால் என்ன செய்வது என்று கருதி, ஒரே மடலை இரண்டு மூன்று படிகள் எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவது இயேசு சபையினரின் வழக்கம். இன்று நாங்கள் ஒரு வழி அறுந்தாலும் மறுவழி இருக்கட்டும் என்று கேபிளை வளையமாகச் சுற்றிக் கொண்டுவருவதும் அதே முன்யோசனைதான். 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் பங்குகளில் பதிவேடு வைக்கப் பணித்தது. அன்றுதொட்டு எத்தனையோ குருக்கள் எண்ணெய் விளக்கொளியில், பெயரும் பெற்றோர் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் திருத்தமாக எழுதி வைத்தார்கள். நூறு ஆண்டு கழித்து ஒரு பேரன் வந்து தன் வேரைத் தேடும்போது, அந்தத் திருத்தமான எழுத்து அவனுக்குக் கைகொடுக்கிறது.

1951-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர், கபிரியேல் அதிதூதரைத் தொலைத்தொடர்புப் பணியாளர்களின் பாதுகாவலராக அறிவித்தார். நாசரேத்துக் கன்னிக்கு மங்களச் செய்தி கொண்டுவந்தவர் அவர். செய்தி சொல்லிவிட்டுத் திரும்பினார் என்பதோடு நற்செய்தியில் அவர் பங்கு முடிகிறது. கொண்டுவந்தவர் மறைகிறார், கொண்டுவந்தது நிலைக்கிறது. எங்கள் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான பாதுகாவலர் வேண்டியதில்லை.

அதிதூதர்களின் விழா செப்டம்பர் 29. அன்று நாம் ஒவ்வொருவரும் நம் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். அன்பியத்தின் கணக்கேட்டை அடுத்த பொருளாளர் புரிந்துகொள்வாரா? வீட்டுப் பத்திரமும் சேமிப்பும் எங்கே என்பது இல்லாளுக்குத் தெரியுமா? ஆசிரியராய் இருப்பவர் தமக்குப் பின் வரும் ஆசிரியருக்கு அந்த மாணவனைப் பற்றி ஒரு வரி எழுதி வைத்திருக்கிறாரா? பேசாது பிரிந்த உறவில், மறுபடி ஒட்டுவதற்கு ஒரு முழம் மிஞ்சியிருக்கிறதா, ஒட்ட நறுக்கிவிட்டோமா? இவற்றில் ஒன்றையேனும் அன்று சீராக்கி வைப்போம்.