பட்டாகும் நீர்

தேயிலை மலைகளிடையே, தலவாக்கலைக்கு அண்மையில், அட்டன்–நுவரெலியா வீதியில் நின்றே காணத்தக்கது சென்கிளேயர் நீர்வீழ்ச்சி. ஓடும் நீரை நிழற்படமாக்கப் பழகுவோர்க்கு உகந்த இடம். மேகமூட்டமான காலையில், கமராவை முக்காலியிற் பூட்டி, ஒளியுணர்திறனை 100 ஆக்கி, வில்லைத் துவாரத்தைச் சுருக்கி, அரைச் செக்கன் ஒளி புகவிட்டால் நீர் வெண்பட்டாகும். விரல் பட்டாலும் படம் கலங்கும். இரண்டு செக்கன் தாமதித்துத் தானே இயங்குமாறு வைத்தல் நன்று. பத்துச் செக்கன்வரை நீட்டுவாரும் உளர். அது புகையேயன்றி அருவியன்று!

2012 இல் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியபின் இங்கே நீர் குறைந்தது. மெலிந்த இழைகளையும் நீண்ட ஒளிப்பதிவு ஒன்றாய்ப் பரப்பி, நிறைந்த அருவிபோற் காட்டிவிடுகின்றது. ஆதலின், செக்கனின் 250 இல் ஒரு பங்கிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். பாறை எவ்வளவு வெறுமையாயிற்று என்பது அதிலேதான் தெரியும்.