மேளம் பேசும்பொழுது

கலியாணத்திற்கு நாட் குறித்தவுடன் மண்டபம், சமையற்காரர், படம் பிடிப்பவர் என்று ஓடித் திரிகின்றோம். மேளத்தின் நினைவோ கடைசியில் வருகின்றது. ஆனி, ஆவணி மாதங்களிலே ஒரே முகூர்த்தத்தில் ஊரெங்கும் பல கலியாணங்கள் நிகழும்; நல்ல குழுவினரோ சிலரே. ஆதலால் நாட் குறித்த கையோடு மேளத்துக்கும் அச்சாரம் கொடுத்துவிடுதல் புத்தி.

எமது மகளின் விவாகத்தின்போது உறவினர் ஒருவர், "மேளத்திற்கு ஏன் இவ்வளவு செலவு? ஒலிப்பதிவைப் போட்டாற் போதாதா?" என்று கேட்டார். போதாது என்றே கூறினோம். தாலி கட்டும் வேளையில் ஐயர் கையை உயர்த்திச் சைகை காட்டுகின்றார். அக்கணமே தவில்காரர், வாசித்துக்கொண்டிருந்ததை விட்டுக் கெட்டிமேளம் முழக்குகின்றார். தும்மலோ அமங்கலச் சொல்லோ மணமக்களின் செவியில் விழாதிருத்தற் பொருட்டு ஏற்பட்ட வழக்கம் இது என்பர் பெரியோர். ஐயரின் கையைப் பார்த்திருக்கும் கண் ஒலிப்பதிவுக்கு உண்டோ?

இக்கலையின் அருமையை அறிந்தவர் கூலியிற் பேரம் பேசத் துணியார். நாதசுரம் ஆச்சா மரத்திற் கடைந்தெடுக்கப்படுவது. அதன் உயிரோ சீவாளி என்னும் சிறு நாணற் துண்டில் இருக்கின்றது. தவிலின் உடல் பலாமரம். அதன் ஒருபுறத்தைக் கூடுகள் அணிந்த விரல்களாலும், மறுபுறத்தைக் கழியாலும் வாசிப்பர். அந்தப் பாரத்தைத் தோளிற் சுமந்தபடி மாப்பிள்ளை ஊர்வலத்தின் முன்னே நடந்து வாசித்தல் எளிய காரியமன்று. அளவெட்டியும் இணுவிலும் இக்கலையாற் பெயர்பெற்ற ஊர்கள். 1975ஆம் ஆண்டில் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைத் தமிழ்நாட்டுப் பெருவித்துவான்களும் வியந்து போற்றினர்.

மேளம் பேசும்பொழுது சிலவற்றைத் தெளிவாக்கிக்கொள்ளல் நன்று. நாதசுரமும் தவிலும் இவ்விரண்டா, ஒவ்வொன்றா? எத்தனை மணிக்கு வரவேண்டும்? பிரயாணச் செலவு யாருடையது? இவற்றை முன்னரே பேசிவிட்டால் மணப்பந்தலில் மனக்கசப்பு நேராது.

ஆயினும், பேசப்படாத விஷயம் ஒன்றுண்டு. அது சாப்பாடு. வாசித்துக் களைத்தவர்களைக் கடைசிப் பந்திக்குத் தள்ளிய வீடுகள் முன்பு பல. சாதி பார்த்து வேறிடத்தில் இலை போட்ட வீடுகளும் உண்டு. எமது தமையனார் அன்று, "மேளகாரருக்குப் பின் விறாந்தையில் இலை போடுங்கள்" என்றார். மணக்கோலத்தில் இருந்த மகள் அதைக் கேட்டுவிட்டாள். "பெரியப்பா, என்ரை தாலிக்குக் கெட்டிமேளம் கொட்டினவை எங்களோடை இருந்து சாப்பிடாட்டி, நானும் அந்தப் பந்தியிலை இருக்கமாட்டன்" என்றாள். அவள் குரல் உயரவில்லை. ஆனால், பந்தல் ஒருகணம் அமைதியாயிற்று.

வித்துவான்கள் மணமக்களுக்கு எதிரே அமர்ந்து உண்டனர். தமையனார் அந்தப் பந்தியில் அமரவில்லை. நாம் அவரை வற்புறுத்தவுமில்லை, மகளைக் கண்டிக்கவுமில்லை.

எவருடைய வாத்தியத்தால் எங்கள் பிள்ளைகளுக்கு மங்கலம் உண்டாகின்றது என்று நம்புகின்றோமோ, அவரோடு உடனிருந்து உண்ண மறுப்பது என்ன நியாயம்? உங்கள் வீட்டிலும் கலியாணம் வரும். அன்று மேளம் பேசப் போகின்றவர், கூலியோடு இலையையும் பேசி வருவாராக.