செர்ரித் தோட்டம்

ருஷ்ய நாட்டின் சிறந்த எழுத்தாளருள் ஒருவரும், தொழிலால் மருத்துவருமாகிய ஆண்டன் செக்காவ், 1903ஆம் ஆண்டில் தம் கடைசி நாடகத்தை எழுதி முடித்தார். காசநோய் அவர் உடலை உருக்கிக்கொண்டிருந்த காலம் அது. 'செர்ரித் தோட்டம்' என்று பெயரிட்டு, அதனை இன்பியல் நாடகம் என்றே குறித்து மாஸ்கோ கலை அரங்கிற்கு அனுப்பினார். படித்துப் பார்த்த இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, இஃது இன்பியல் அன்று, துன்பியல் என்றும், படிக்கையில் தாம் அழுதுவிட்டதாகவும் மறுமொழி எழுதினார். அன்று எழுந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

பெருங்குடி ஒன்றின் வீழ்ச்சியே கதை. நிலக்கிழார் மரபில் வந்த ரனேவ்ஸ்கயா, ஐந்தாண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்து, கைப்பொருளை இழந்து ஊர் திரும்புகிறாள். ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள், வீடும் செர்ரித் தோட்டமும் கடனுக்காக ஏலம் போகவிருக்கின்றன. அப்பண்ணையில் அடிமைகளாய் உழைத்தவர்களின் வழிவந்த லோபாகின் என்னும் வணிகன் வழியொன்று சொல்கிறான். மரங்களை வெட்டி, நிலத்தைக் கூறுபோட்டுக் கோடை இல்லங்களுக்குக் குத்தகைக்கு விட்டால், ஆண்டுக்கு 25,000 ரூபிள் வரும். அவர்கள் கேட்டால்தானே! அவளுடன் பிறந்த காயெவ், நூறாண்டு பழைமை வாய்ந்த புத்தக அலமாரியின்முன் நின்று, கண்ணீர் மல்க அதற்கு வாழ்த்துரை வழங்குகிறான். வீட்டுப் பணியாளர்க்கு உண்ண ஒன்றுமில்லாத நாளில், அவள் வழிப்போக்கன் ஒருவனுக்குப் பொற்காசு ஈகிறாள். ஏலம் நடக்கும் நாளிலோ வீட்டில் நடன விருந்து! முடிவில் தோட்டத்தை ஏலத்தில் எடுத்தவன் லோபாகினே.

இவர்களைக் கண்டு நகைக்கத்தான் தோன்றுகிறது. ஆயினும், ஏழு வயது நிரம்பிய அவளுடைய மகன் அங்குள்ள ஆற்றில் மூழ்கி இறந்தான் என்று கேட்டபின், நகைப்பவர் யார்? லோபாகினும் அவ்வீட்டு வளர்ப்பு மகள் வார்யாவும் ஒருவரையொருவர் விரும்புவதை ஊரே அறியும். இறுதியில் தனித்து நிற்கும் அவ்விருவரும் மணத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், வெளியே எத்தனை பாகை குளிர் என்று பேசுகின்றனர். வெப்பமானி உடைந்துவிட்டது என்பதோடு பேச்சு முடிகிறது. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையையும் அழுகையையும் அடுத்தடுத்து வைத்தார். அவ்விரண்டையும் ஒரே காட்சியில் வைத்தார் செக்காவ்.

முதல் அரங்கேற்றம், பழைய ருஷ்ய நாட்காட்டிப்படி 1904 சனவரி 17 அன்று, செக்காவின் 44ஆம் பிறந்த நாளில் நடைபெற்றது. அவர் மனைவி ஓல்கா நிப்பெர் ரனேவ்ஸ்கயாவாகவும், ஸ்தானிஸ்லாவ்ஸ்கி காயெவாகவும் நடித்தனர். இடைவேளையில் ஆசிரியரை மேடையேற்றிப் பாராட்டினர். மெலிந்து வெளிறி நின்ற அவரால் இருமலை அடக்க இயலவில்லை. அமருமாறு அவையோர் குரல்கொடுத்தும் அவர் அமரவில்லை. பாராட்டியோருள் ஒருவர், காயெவ் அலமாரியை விளித்த அதே தோரணையில் அவரை விளித்துத் தொடங்கினார். செக்காவின் இதழ்களில் புன்னகை அரும்பியது. நாடகத்தைப் பற்றி அவர் கொண்ட குறை மட்டும் தீரவில்லை. பன்னிரண்டு நிமிடங்களில் முடியவேண்டிய இறுதி அங்கத்தை நாற்பது நிமிடங்களுக்கு இழுத்துவிட்டனர் என்று மனைவிக்கு எழுதினார். அவ்வாண்டு சூலையில் செருமனியில் அவர் உயிர் நீத்தார்.

அக்குறைக்குச் செவிசாய்த்தவருள் ஒருவர் ஆங்கில இயக்குநர் பீட்டர் புரூக். 1981இல் பாரிசு நகரில் அவர் இந்நாடகத்தை மீண்டும் மேடையேற்றினார். அவ்வரங்கு 1876இல் கட்டப்பெற்று, பின்னர் நெடுங்காலம் பாழடைந்து கிடந்தது. 1974இல் அதனைத் திறந்த புரூக், சுவர்களின் சிதைவை மறைக்காமல் அப்படியே விட்டுவைத்தார். ஆகவே பாழ்பட்ட மாளிகையைத் தனியே வரைந்து காட்ட வேண்டியிருக்கவில்லை. வீட்டுப் பொருள்கள் மிகக் குறைவு. தரையில் கம்பளங்கள் விரித்திருந்தனர். இடைவேளையின்றி நாடகம் விரைந்தோடியது. மைக்கேல் பிக்கோலி காயெவாக நடித்தார். ரனேவ்ஸ்கயாவாக நடித்தவர் புரூக்கின் மனைவி நடாஷா பாரி. 1985இல் மகாபாரதத்தையே மேடைக்குக் கொண்டுவந்தவர் புரூக் என்றால், பெருங்குடி அழியும் கதையில் அவருக்கிருந்த ஈடுபாடு விளங்கும். 1988இல் 'செர்ரித் தோட்டம்' அவர் இயக்கத்தில் நியூயார்க்கிலும் ஆங்கிலத்தில் நடிக்கப்பெற்றது.

எத்துணை விரைவாக நடித்தாலும் ஓரிடத்தில் இந்நாடகம் நின்றேயாகவேண்டும். வீட்டைப் பூட்டிக்கொண்டு அனைவரும் புறப்பட்டு விடுகின்றனர். நோயுற்ற முதிய பணியாளன் பிர்ஸை மருத்துவமனைக்கு அனுப்பியாயிற்றென்று ஒருவர் சொன்னதை மற்றவர் நம்பிவிட்டனர். ஆளில்லாத வீட்டினுள்ளிருந்து 87 வயது நிறைந்த அம்முதியவன் மெல்ல வருகிறான். கதவைத் தள்ளிப் பார்க்கிறான்; பூட்டியிருக்கிறது. தன்னை மறந்துவிட்டதைக் குறித்து அவன் சினங்கொள்ளவில்லை. இக்குளிரில் முதலாளி தடித்த மேலங்கியை அணியாமல் போயிருப்பாரே என்று கவலைப்படுகிறான். பிறகு படுத்துக்கொள்கிறான். தோட்டத்தில் கோடரி விழும் ஓசை கேட்கிறது.