சிரிப்புச் சத்தம் இல்லாத இடங்கள்

முதலே சொல்லிவிடுகிறேன், எனக்கு லாஃப் டிராக் பிடிக்காது. ஒருத்தன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவான், பின்னால் நூறு பேர் சிரிப்பார்கள். என்னத்துக்குச் சிரிக்கிறீங்கள்? அவன் இன்னும் வாயே திறக்கேல்லையே! 'ஃப்ரெண்ட்ஸ்' பார்வையாளர்களை முன்னால் இருத்தி எடுத்தது, அது உண்மையான சிரிப்பு என்று என்னுடைய கூட்டாளிகள் சண்டைக்கு வருவார்கள். இருக்கட்டும். எங்கே சிரிக்கவேணும் என்று எனக்குச் சொல்லித்தர ஆள் தேவையில்லை என்பதுதான் என் கட்சி.

இப்படிக் கதைத்துத் திரிந்த நான் தலைகீழாக விழுந்தது 'மேஷ்' தொடரில். கொரிய யுத்தத்தில் ஒரு அமெரிக்க இராணுவ நடமாடும் ஆஸ்பத்திரி, அதில் வேலைசெய்யும் டொக்டர்மார், தாதிமார். அவ்வளவுதான் கதை. 1972இல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கி 1983 வரை ஓடியது. உண்மையான கொரிய யுத்தம் நடந்ததோ மூன்று வருடம். தொடர் பதினொரு சீசன்!

சிரிப்புச் சத்தம் கட்டாயம் வேண்டும் என்று சிபிஎஸ் நின்றது. தொடரை உருவாக்கியவர்களுக்கு அதில் விருப்பமில்லை. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள்: மற்ற இடங்களில் போடலாம், ஒப்பரேஷன் தியேட்டருக்குள் போடக்கூடாது. இதைத் தெரிந்துகொண்டு திரும்பப் பார்த்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. ஹோக்கை என்ற டொக்டர் கூடாரத்துக்குள் பகிடி விட்டால் சிரிப்புக் கேட்கும். தியேட்டருக்குள் இரத்தக் கையோடு நின்று அதே மாதிரிப் பகிடி விடுவார், ஒரு சத்தமும் வராது. அவருக்குப் பகிடி இல்லாமல் அங்கே நிற்க முடியாது என்பது அப்போதுதான் விளங்கும்.

மூன்றாவது சீசனின் கடைசி எபிசோட் 1975 மார்ச்சில் வந்தது. தளபதி ஹென்றி பிளேக் வீட்டுக்குப் போகிறார். பிரியாவிடை, கும்மாளம், நக்கல். கடைசிக் காட்சியில் ரேடார் என்ற பெடியன் தியேட்டருக்குள் வந்து, ஹென்றியின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, ஒருத்தரும் தப்பவில்லை என்று வாசிக்கிறான். அந்தப் பக்கத்தைப் பெரும்பாலான நடிகர்களுக்குக் காட்சி எடுப்பதற்குச் சற்று முன்னர்தான் காட்டினார்களாம். வேலை நிற்கவில்லை. முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிய, தைத்துக்கொண்டே இருக்கிறார்கள். கொமெடி நிகழ்ச்சியில் இப்படிச் செய்யலாமா என்று கோபித்துக் கடிதம் எழுதியவர்கள் கனபேர்.

1983 பெப்ரவரி 28இல் வந்த கடைசி எபிசோடை அமெரிக்காவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். (கதையை உடைக்கப்போகிறேன். நாற்பது வருடம் கழிந்துவிட்டது, மன்னியுங்கள்.) ஹோக்கை மனநல ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ஒரு பஸ்ஸில் எல்லாரும் மூச்சுக் காட்டாமல் ஒளிந்திருந்ததையும், எதிரிப்படை கிட்ட நிற்க ஒரு பெண்ணின் கோழி சத்தம் போட்டதையும், அதை அடக்கச் சொல்லித் தான் கத்தியதையும், அவள் அதை நெரித்துக் கொன்றதையும் வைத்தியரிடம் சொல்கிறார். கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போதுதான் அது கோழி இல்லை, கைக்குழந்தை என்று அவருக்கே நினைவு வருகிறது. பதினொரு சீசனாக எங்களைச் சிரிக்க வைத்த மனுசன். அண்டைக்கு எனக்கு நித்திரை வரவில்லை.

இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டியது ஹன்னா காட்ஸ்பியின் 'நனெட்', 2018இல் நெற்ஃபிளிக்ஸில் வந்த ஸ்டாண்ட்-அப். தஸ்மேனியாவில் பிறந்தவர். பஸ் தரிப்பிடத்தில் ஒருத்தன் இவரை ஆண் என்று நினைத்து, என் காதலியோடு என்ன கதை என்று அடிக்க வந்து, பெண் என்று தெரிந்ததும் பின்வாங்கிய கதையைத் தொடக்கத்தில் சொல்கிறார். சபை சிரிக்கிறது, நானும் சிரித்தேன். பிறகு, ஒரு பகிடிக்கு இரண்டு பகுதி போதும், முதலில் இறுக்கம், பிறகு அதை உடைக்கும் வரி, ஆனால் ஒரு கதைக்கு முடிவும் வேண்டும் என்கிறார். பகிடியாக்கவேண்டும் என்றால் முடிவை வெட்டவேண்டும். கடைசிப் பக்கத்தில் அந்த முடிவைத் திருப்பிக் கொண்டுவருகிறார். அந்த ஆள் திரும்பி வந்து அடித்திருக்கிறான். ஒருத்தரும் தடுக்கவில்லை. 'இது ஸ்டாண்ட்-அப்பே இல்லை, பிரசங்கம்' என்று சொல்பவர்கள் உண்டு. பரவாயில்லை, எனக்கு அந்தப் பிரசங்கம் தேவைப்பட்டது.

ரொக்கிலும் எனக்கு ஒரு 'தியேட்டர்' இருக்கிறது. நிர்வானா 1993 நவம்பரில் நியூயோர்க்கில் எம்ரிவிக்காகச் செய்த 'அன்பிளக்ட்'. எல்லாரும் எதிர்பார்த்த 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' கிடையாது. பதினான்கு பாட்டில் ஆறு மற்றவர்களுடையவை. பாட்டுகளுக்கு நடுவே கேர்ட் கோபேன் பகிடி விடுகிறார், சனம் சிரிக்கிறது. கடைசிப் பாட்டுக்குப் பிறகு இன்னொன்று பாடக் கேட்டதற்கு மறுத்துவிட்டார். அடுத்த ஏப்ரலில் அவர் உயிரோடு இல்லை. மேடையில் லில்லிப் பூவும் கறுப்பு மெழுகுதிரியும் இருந்ததை வைத்து 'அது அவருடைய செத்தவீடு மாதிரி' என்று நானும் பீலா விட்டிருக்கிறேன். இப்போது கேட்கும்போது பூவைவிட அந்தப் பகிடிகள்தான் காதில் தங்குகின்றன. அண்டைக்கு அங்கே இருந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுத்தான் வந்திருப்பேன்.

இவ்வளவும் எழுத வைத்தது சித்தப்பா. எங்கள் வீட்டு ஸ்டாண்ட்-அப் கலைஞர் அவர்தான். ஒவ்வொரு விசேஷத்திலும் 95 இடப்பெயர்வுக் கதை வரும். அப்பம்மா காணி உறுதியை விட்டுவிட்டுத் தேங்காய் துருவலையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டது, சைக்கிள் கரியரில் இருந்த அப்பப்பாவிடம் அதைக் கொடுத்தது, இருட்டும் மழையும் சனமுமாக நாவற்குழிப் பாலத்தில் அதன் பல்லு முன்னால் போன மொட்டைத்தலை ஐயாவில் குத்தியது, அவர் திரும்பி ஏச, அப்பப்பா "கோவியாதையுங்கோ, தேங்காய் எண்டு நினைச்சிட்டன்" என்று சொன்னது. அதோடு வீடே அதிரும். கதையும் அங்கேதான் முடியும்.

போன தைப்பொங்கலுக்கும் சொன்னார். எல்லாரும் சிரித்து முடித்து எழும்பிப் போனபிறகு நான் கேட்டேன்: "பாலத்துக்கு அங்கால என்ன சித்தப்பா நடந்தது?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்பப்பாக்குக் காய்ச்சல். அந்த மழைதான். ஒரு பள்ளிக்கூட வாங்கிலதான் கிடத்தி வச்சிருந்தம். ஆறாம் நாள்..." என்றுவிட்டு எழும்பிப் போய் முகம் கழுவினார்.

அப்பப்பா 95இல் செத்தது எனக்குத் தெரியும், படத்துக்குக் கீழே திகதியும் இருக்கிறது. அந்தத் திகதியையும் அந்தத் துருவலையையும் ஒருநாளும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை. இருபது தரமாவது சிரித்திருப்பேன்.

சித்தப்பா கதையை நிறுத்தவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சித்திரை வருசத்துக்கும் சொல்வார், அந்தத் தேங்காய் வசனத்துக்கு நானும் சிரிப்பேன், அது உண்மையிலேயே நல்ல பகிடி. ஆனால் சிரித்து முடிந்ததும் கொஞ்ச நேரம் அவருக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று யோசிக்கிறேன்.

நீங்கள் மேஷ் பார்ப்பதாக இருந்தால் மூன்றாம் சீசனைத் தேடிப் பாருங்கள். அந்தக் கடைசிக் காட்சியின்போது போனை மட்டும் கையில் எடுக்காதீங்கோ.